முகாம் கிணறும் ஆறு வெள்ளைக் கோப்பைகளும்

போன மாதம் நெடுங்காட்டிலிருந்து அக்கா போன் செய்தாள். மருமகனுக்குப் பள்ளியில் ஐந்து நாள் முகாமாம். கூடாரம், மலையேற்றம், கேம்ப் ஃபயர், எல்லாம் உண்டு. "கையெழுத்துப் போடலாமாடா?" என்று கேட்டுவிட்டுப் படிவத்தை வாட்ஸப்பில் அனுப்பினாள்.

இரண்டு பக்கப் படிவம். ரத்த வகை கேட்டிருந்தார்கள். டீ-ஷர்ட் அளவு கேட்டிருந்தார்கள். அசம்பாவிதம் எதற்கும் நிர்வாகம் பொறுப்பில்லை என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. பிள்ளைகள் எந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள், எங்கே ஒதுங்குவார்கள், எதன் மேல் படுப்பார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. "ரெண்டு நாள் டைம் குடுக்கா" என்றேன். "ஒரு கையெழுத்துக்கு ரெண்டு நாளா? உன் ஆபீஸ் வேலையை இதுல காட்டாத" என்று சிரித்தாள்.

நான் தயங்கியதற்குக் காரணம் 1998 டிசம்பர்.

அப்போது நான் பி.இ. படித்துக்கொண்டிருந்தேன். நாட்டு நலப்பணித் திட்டத்தில் பத்து நாள் சிறப்பு முகாம். இடம் எங்கள் நெடுங்காடு கொம்யூனிலேயே ஒரு சின்ன ஊர் என்றதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. (காரைக்காலில் ஊராட்சி ஒன்றியம் கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன கொம்யூன்தான் இன்றும்.) நாற்பத்திச் சொச்சம் பையன்கள். தொடக்கப் பள்ளிக் கட்டடத்தில் தங்கல். மழைக்காலம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. சுற்றிலும் சம்பாப் பயிர். பள்ளிக்குப் பின்னால் ஒரு உறைகிணறு, கை நீட்டினால் எட்டும் உயரத்தில் தண்ணீர்.

முதல் நாள் தொடக்க விழா. யாரோ ஒரு பெரியவர் கிணற்றில் ஒரு பிடி பிளீச்சிங் பவுடரைப் போட்டார். போட்டோ எடுத்தார்கள். விழா முடிந்ததும் திட்ட அலுவலர் எங்களைக் கூப்பிட்டு, கட்டடத்துக்குக் கிழக்கே கழிப்பிடக் குழி வெட்டித் தட்டி கட்டவேண்டும் என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு குரல், "அதுக்கு ஊர்ல ஆள் இருப்பாங்கல்ல சார்?"

அந்தக் குரல் என்னுடையது. உள்ளூர்க்காரன் என்ற முறையில் உதவியாகச் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டு சொன்னேன். 'ஆள்' என்று நான் சொன்னது எந்தத் தெருக்காரர்களை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒரு தெருவிலிருந்து படிக்க வந்திருந்த பையனும் அந்த நாற்பது பேரில் இருந்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. குழி வெட்டப்படவில்லை. பத்து நாளும் எல்லோரும் வாய்க்கால் கரைக்குத்தான் கொல்லைக்குப் போனோம்.

அந்தக் குழி பற்றி எனக்குப் பல வருடம் கழித்துத்தான் ஆர்வம் வந்தது. முகாம் போட்டால் முதலில் கழிப்பிடக் குழி வெட்டு, தண்ணீரைக் காய்ச்சு, குப்பையைப் புதை என்கிற இந்த விதிகளை யார் எழுதினார்கள்? தேடிக்கொண்டே போனால் தென்னாப்பிரிக்காவில் போய் நிற்கிறது.

1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்த வீரர்கள் சுமார் 22,000. அதில் 13,000-க்கும் மேற்பட்டவர்கள் நோயால் இறந்தவர்கள்; முக்கியமாக டைஃபாய்டு. 1900-இல் புளூம்ஃபான்டீன் நகரைப் பிடித்த படைக்கு நேர்ந்ததைப் பாருங்கள். வழியில் பிணங்கள் மிதந்த மாடர் ஆற்றுத் தண்ணீரைக் குடித்தே வந்தவர்கள் அவர்கள். நகரத்துக்கு வந்த பிறகு, மார்ச் கடைசியில் போயர்கள் நகரின் குடிநீர் நிலையத்தைக் கைப்பற்றிவிட்டார்கள். கிடைத்த கிணற்றில் எல்லாம் குடித்தார்கள். கூடாரம் கூடாரமாகச் சாய்ந்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதிய கானன் டாயில் அங்கே ஒரு தன்னார்வ மருத்துவமனையில் டாக்டராக வேலை பார்த்தார்.

அதே போரில் பிரிட்டிஷார் போயர் குடும்பங்களை அடைத்துவைத்த முகாம்களில் சுமார் 28,000 பேர் செத்தார்கள். அவர்களில் 22,000 பேர் 16 வயதுக்கு உட்பட்டவர்கள். தட்டம்மை, டைஃபாய்டு, வயிற்றுப்போக்கு. கறுப்பின மக்களை அடைத்த தனி முகாம்களின் சாவு இந்தக் கணக்கில் சேரவில்லை.

அந்தப் போரில் மாஃபெகிங் முற்றுகையில் 217 நாள் தாக்குப்பிடித்துப் பேர் வாங்கிய அதிகாரிதான் பேடன்-பவல். 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் இருபது சிறுவர்களை வைத்துச் சோதனை முகாம் நடத்தினார். அடுத்த வருடம் சாரணர் கையேடு வந்தது. குழி வெட்டு, மண் போட்டு மூடு, தண்ணீரைக் கொதிக்கவை என்று அதில் சிறுவர்களுக்குச் சொல்லப்பட்டதெல்லாம் ராணுவம் தன் பிணங்களை எண்ணிப்பார்த்துக் கற்றுக்கொண்டது.

இந்தியாவுக்குச் சாரணம் 1909-இல் பெங்களூரு வழியாக வந்தது. ஆனால் தொடக்கத்தில் வெள்ளைக்கார, ஆங்கிலோ-இந்தியப் பையன்களுக்கு மட்டும்தான். இந்தியப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை என்பதால்தான் அன்னி பெசன்ட்டும் அருண்டேலும் சென்னையில் தனியாக ஓர் இந்தியச் சாரணர் சங்கம் தொடங்கினார்கள். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. பேடன்-பவல் 1921-இல் இந்தியா வந்தபோது இரண்டும் இணைந்தன. பாடலும் தலைப்பாகையும் நம்முடையதாக மாறின. முகாம் விதிகள் மட்டும் அப்படியே இங்கிலாந்து மண்ணுக்கு எழுதியதாகவே இருந்துவிட்டன என்பது என் எண்ணம்.

ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கம் டிசம்பரில் மண்வெட்டி எடுத்து இரண்டடி வெட்டிப்பாருங்கள். குழியில் தண்ணீர் ஊறி நிற்கும். களிமண், அதற்குக் கீழே நிலத்தடி நீர். குழிக் கழிப்பிடம் வேலை செய்வதே அடியில் காய்ந்த மண் இருப்பதால்தான். மண் கிருமியை வடிகட்டும், ஈரத்தை உறிஞ்சும். நீர்மட்டத்தைத் தொட்டுவிட்ட குழி என்பது கிணற்றுக்கு நாமே போட்டுக்கொடுக்கும் பாதை. கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர், அதாவது ஐம்பதடி, தள்ளி இருக்கவேண்டும் என்பது நம்மூர்ப் பொதுசுகாதார விதி. மழை முடிந்த டெல்டாவில் அந்த ஐம்பதடிகூடப் போதுமா என்று எனக்குச் சந்தேகம்தான். அதனால் அன்றைக்கு நாங்கள் குழி வெட்டியிருந்தால் மட்டும் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. மேட்டில், மண் கொட்டி உயர்த்தி, கீழே டிரம் வைத்துச் செய்திருக்கவேண்டும். யோசித்திருந்தால் நாற்பது பேருக்கு அரைநாள் வேலை. யோசிக்கவே இல்லை என்பதுதான் விஷயம்.

பணமும் திட்டமும் இருந்தால்கூட நிலம் பழிவாங்கும். 2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமாங்குமில் உலகச் சாரணர் பெருந்திரளணி நடந்தது. 43,000 பிள்ளைகள். இடம், கடலைத் தடுத்து மீட்ட சேற்றுநிலம். மழை பெய்தால் வடியாது, மரம் இல்லை, நிழல் இல்லை. வெயிலில் நூற்றுக்கணக்கானவர்கள் சுருண்டு விழுந்தார்கள். தேங்கிய தண்ணீரில் பூச்சி. கழிப்பறைகள் நாறின. பிரிட்டனும் அமெரிக்காவும் பாதியிலேயே பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு போயின. கடைசியில் புயல் வருகிறதென்று முகாமையே காலி செய்தார்கள். செய்தியைப் படிக்கும்போது எனக்கு எங்கள் பள்ளிக்கூடத் திடல்தான் கண்ணில் நின்றது.

மண்ணின் கதை அது. "அதுக்கு ஆள் இருப்பாங்கல்ல" என்பது வேறு கதை. அது எங்கிருந்து வந்தது என்று நான் தேடியபோது கிடைத்தது காந்தியின் சுயசரிதை. 1901 டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸுக்குப் போகிறார். ஒரு மாநாடு என்பதும் ஒரு முகாம்தானே, ஆயிரக்கணக்கானவர்கள் சில நாள் ஓரிடத்தில் தங்குவது. கழிப்பறைகள் குறைவு, நாற்றம் தாங்கவில்லை. தொண்டர்களிடம் காட்டுகிறார். அது எங்கள் வேலை இல்லை, தோட்டியின் வேலை என்கிறார்கள். அவர் ஒரு துடைப்பம் கேட்கிறார். கேட்டதற்கு ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள். தனக்கு வேண்டியதைத் தானே சுத்தம் செய்துகொள்கிறார். தாழ்வாரத்திலேயே இரவில் சிலர் மலம் கழித்துவிட்டுப் போனதையும் எழுதியிருக்கிறார்.

அதே அத்தியாயத்தில் நம்மவர்களும் வருகிறார்கள். தமிழ்ப் பிரதிநிதிகளுக்கு மட்டும் எல்லோரிடமிருந்தும் தள்ளித் தனிச் சமையற்கூடம். சாப்பிடும்போது பிறர் பார்வை பட்டாலே தீட்டு என்பதால் சுற்றிலும் தட்டி அடைப்பு. உள்ளே மூச்சு முட்டும் புகை. சமையல், சாப்பாடு, கை கழுவுவது எல்லாம் அந்த ஒரே அடைப்புக்குள். பார்வையைத் தடுக்கத் தட்டி கட்டியவர்களுக்கு ஈயைத் தடுக்கவேண்டும் என்று தோன்றவில்லை. இதைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். 1901-இல் அந்தத் தொண்டர்கள் சொன்னதற்கும் 1998-இல் நான் சொன்னதற்கும் நடுவில் 97 வருடம். வாக்கியம் மாறவே இல்லை.

நாட்டு நலப்பணித் திட்டமே காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்டதுதான். எழுபதுகளில் சிறப்பு முகாம்களுக்கு ஒரு முழக்கம் கொடுத்தார்கள்: அழுக்குக்கும் நோய்க்கும் எதிராக இளைஞர்கள். நாங்களும் ஊருக்குள் சுகாதார ஊர்வலம் போனோம். கழிப்பறை கட்டுங்கள் என்று அட்டை பிடித்துக்கொண்டு போனோம். காலையில் வாய்க்கால் கரையில் எங்களைப் பார்த்தவர்கள்தான் அந்த ஊர்வலத்தையும் பார்த்தார்கள். சிரித்திருப்பார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

இனி அந்த ஒரு பிடி பிளீச்சிங் பவுடர். இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிணற்றுக்கு எவ்வளவு பவுடர் போடவேண்டும் என்பதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. பேர் ஹாராக்ஸ் பெட்டி. வில்லியம் ஹாராக்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் உருவாக்கியது, முதல் உலகப் போரில் படைகளோடு போனது. (இரண்டாம் உலகப் போரின் ஜெனரல் பிரையன் ஹாராக்ஸ் இவருடைய மகன். பிறந்தது நம்ம ராணிகேத்தில்.) ஆறு வெள்ளைக் கோப்பை, ஒரு கறுப்புக் கோப்பை, இரண்டு கிராம் பிடிக்கும் கரண்டி, சொட்டுக் குழாய், மாவுச்சத்தும் அயோடைடும் கலந்த கரைசல். அவ்வளவுதான். இந்தியாவில் சுகாதார ஆய்வாளர் பயிற்சியிலும் மருத்துவப் படிப்பிலும் இன்றும் இதைச் சொல்லித்தருகிறார்கள்.

கறுப்புக் கோப்பையில் ஒரு கரண்டி பவுடரைக் கரைத்துத் தெளியவிடவேண்டும். வெள்ளைக் கோப்பைகளில் கிணற்றுத் தண்ணீர். தெளிந்த கரைசலை முதல் கோப்பையில் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு, இப்படி ஆறு வரை. கலக்கி அரைமணி நேரம் காத்திருக்கவேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் மூன்று சொட்டு அயோடைடு கரைசல். குளோரின் மிச்சம் இருந்தால் நீலமாகும். முதலில் நீலமாவது மூன்றாவது கோப்பை என்றால், 455 லிட்டருக்கு மூன்று கரண்டி, அதாவது 6 கிராம். 455 என்ன விநோதமான எண் என்று யோசித்தேன். நூறு பிரிட்டிஷ் கேலன். பேரரசு போய்விட்டது, கேலன் போகவில்லை.

இதன் அழகு எங்கே என்றால், இது கிணற்றையே கேட்கிறது. அழுக்கான தண்ணீர் குளோரினைத் தின்றுவிடும். எவ்வளவு தின்னும் என்பது கிணற்றுக்குக் கிணறு வேறு, மழைக்கு முன் வேறு, பின் வேறு. மூன்று மீட்டர் விட்டம், நான்கு மீட்டர் தண்ணீர் உள்ள ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு சுமார் 28,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்ற பொது வாய்ப்பாட்டின்படி 70 கிராம் போதும். மூன்றாம் கோப்பை நீலமானால் அதே கிணற்றுக்கு 370 கிராம் வேண்டும். ஐந்து மடங்குக்கும் மேல்! இதுவும் நல்ல பவுடராக இருந்தால். புதுசில் 33 சதவீதம் கிடைக்கக்கூடிய குளோரின் இருக்கும். வாய் திறந்த மூட்டையில் ஈரக்காற்று பட்டால் நாளுக்கு நாள் இறங்கும். போட்ட பிறகு ஒரு மணி நேரம் யாரும் சேந்தக்கூடாது. நாங்கள் போட்டோ எடுத்த கையோடு வாளியை இறக்கினோம்.

மூன்றாம் நாள் ராத்திரி ஆரம்பித்தது. முதலில் இரண்டு பேர், விடிவதற்குள் பதினொரு பேர். வயிற்றால் போகிறது, வாந்தி. கிணறுதான் காரணம் என்று சத்தியம் செய்யமாட்டேன், யாரும் தண்ணீரைப் பரிசோதிக்கவில்லை. சோற்றில் மொய்த்த ஈயாகவும் இருக்கலாம். ஒரு பையன் மட்டும் மோசம். காலை ஏழு மணிக்குக் கண் குழிந்துவிட்டது, கூப்பிட்டால் முனகல். தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. எங்களுக்குத் தெரிந்த வைத்தியம், வயிற்றுப்போக்கு நிற்கும்வரை ஒன்றும் கொடுக்கக்கூடாது என்பது. நாலு மணி நேரம் அவனுக்குத் தண்ணீரே கொடுக்காமல் வைத்திருந்தோம்.

அந்த ஊரில் குடியிருந்த ஒரு நர்ஸம்மா சேதி கேட்டு ஓடிவந்தார். "தண்ணி குடுக்கலியா? யாரு சொன்னா குடுக்கவேணாம்னு?" என்று எங்களைத் திட்டிக்கொண்டே, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கேட்டு வாங்கினார். ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. ஒவ்வொரு கரண்டியாகப் புகட்டினார். வாந்தி எடுத்தான். பத்து நிமிஷம் விட்டு மறுபடி புகட்டினார். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் புகட்டிக்கொண்டே வந்தார். பையன் பிழைத்தான்.

அந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீர் தன்னை நிரூபித்ததும் ஒரு முகாமில்தான். 1971, வங்கதேசப் போர். மேற்கு வங்கத்தின் பன்காவ் எல்லையில் அகதிகள் குவிகிறார்கள், காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருக்கிறது. திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு கலந்து டிரம்மில் கரைத்து, நோயாளியின் வீட்டாரையே புகட்டச் சொன்னார். முப்பது சதவீதம் வரை இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. 2022-இல் அவர் காலமானார். அடுத்த வருடம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். 1971-க்கு 27 வருடம் கழித்தும், பொறியியல் படிக்கும் நாற்பது பேருக்கு அது தெரியாமல் இருந்தது.

படுக்கை பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் தரையில் கோரைப்பாய் விரித்துப் படுத்தோம். வயல் சூழ்ந்த ஊரில் தரையில் படுப்பவர்களைத் தேடி வருவது கட்டுவிரியன். ராத்திரியில் எலி, பல்லி தேடி வீட்டுக்குள் நுழையும். கடித்தால் பெரிய வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. விடியற்காலை வயிற்றுவலி, பிறகு கண் இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சுத் திணறும். பாம்பு என்றே பலருக்குத் தோன்றாது. முகாமில் வயிற்றுவலி என்று ஒருவன் விடியற்காலை எழுந்தால் அவன் கண் இமையையும் பாருங்கள். இறுக்கிக் கட்டு, கீறு, உறிஞ்சு என்று அந்தக்காலக் கையேடுகள் சொன்னது எதையும் இன்று செய்யக்கூடாது. அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஒரு மதிப்பீடு. பாய்க்கடியில் செருகிய கொசுவலை கொசுவோடு இதையும் பெரும்பாலும் தடுத்துவிடும்.

ஆபத்து கிருமியாகவும் பாம்பாகவும் மட்டும் வருவதில்லை. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பள்ளிக்குள் போலி என்.சி.சி. முகாம் நடந்து, பிள்ளைகள் ராத்திரி தங்கியிருந்த இடத்தில் ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமையைப் படித்திருப்பீர்கள். நடத்துகிறவர் யார், ராத்திரி எந்த ஆசிரியர் கூட இருப்பார் என்பதைப் பெற்றோர் கேட்கத்தான் வேண்டும்.

அக்காவிடம் எண் வாங்கி அந்த முகாம் பொறுப்பாசிரியரை அழைத்தேன். கோபப்படுவார் என்று பயந்தேன், இல்லை. ராத்திரிக்கு இரண்டு ஆசிரியர்கள், பெயரோடு சொன்னார். கட்டில் கிடையாது, தார்ப்பாய்தான், கொசுவலை கொண்டுவரலாம். கிணறு இல்லை, டேங்கர் தண்ணீர். "குளோரின் பாக்குறீங்களா சார்?" என்றேன். "டேங்கர்காரங்க போட்டுத்தான் அனுப்புவாங்க" என்றார். கழிப்பறையை யார் கழுவுவார்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

மருமகனுக்குக் கொசுவலையும், கைக்கடக்கமான ஒரு குளோரோஸ்கோப்பும் வாங்கி அனுப்பினேன். சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும், மஞ்சளின் அழுத்தத்தை அட்டையோடு ஒப்பிடவேண்டும், 0.5-க்குக் கீழே இருக்கக்கூடாது. "மாமா, இதை வச்சிருந்தா பசங்க ஓட்டுவாங்க" என்றான். அக்கா கையெழுத்துப் போட்டாள்.

முதல் நாள் சாயங்காலம் போட்டோ வந்தது. குழாயில் தண்ணீர் நிறமே இல்லாமல் இருந்தது. நான் பதில் அடிப்பதற்குள் அடுத்த சேதி: "சார்ட்ட காட்டிட்டேன் மாமா. டேங்க்ல போட்டு ஒரு மணி நேரம் யாரையும் குடிக்க விடல." பிறகு இளமஞ்சளாக இன்னொரு போட்டோ. அதற்கும் கீழே, "நாளைக்கு கக்கூஸ் கழுவுறது எங்க டென்ட் முறை. ப்ரஷ் ரெண்டுதான் இருக்கு."